ரெக்கை வெட்டிய கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய கார் இருக்கிறது. மேல் பாதி வெண்ணெய் நிறம், கீழ்ப் பாதி பச்சை, இரண்டுக்கும் நடுவே முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் பளபளப்பான பட்டி. முன் கண்ணாடி இரு பக்கமும் வளைந்து கதவு வரைக்கும் வரும். அந்த வளைவுக்கு இடம் விட்டுக் கதவுத் தூண் உள்ளே மடங்கி நிற்பதால், முன் சீட்டில் ஏறுகிற யாரும் முழங்காலை இடித்துக்கொள்ளாமல் ஏறியதில்லை. பின்னால், சிவப்பு விளக்குகளுக்கு மேல், மீன் செட்டை மாதிரி இரண்டு மேடுகள். நாலு விரல் உயரம்கூட இருக்கவில்லை. இருக்கவில்லை என்று எழுதக் காரணம், இப்போது அவை ஒரு சாண் உயரத்துக்கு நிற்கின்றன. அதைச் செய்ய வைத்தது நான்.

தோட்டத்தில் அந்தக் காருக்கு 'ரெக்க வெட்டுன காரு' என்று பெயர். கல்யாண வீட்டில், "மேளம் சொல்லியாச்சு, ரெக்க வெட்டுனத சொல்லியாச்சா?" என்று கேட்பார்கள். என் அம்மா பெண்ணாக இறங்கி வந்ததும் அந்தக் காரில்தான். அக்கா கல்யாணமாகிப் போனதும் அதில்தான்.

கார்க்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை. மேல் லயத்தில், தொழிலாளர் வீடுகளின் வரிசையில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு, அவ்வளவுதான். அவருடைய அப்பா வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது துரை காரை டிரைவர் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அது கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிறது.

மாமாவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் கூட்டம் கூடும்போது கொழும்பிலிருந்து பழைய கார்க்காரர்கள் வருவார்கள். ஒரு பெரிய ஹோட்டலின் புல்தரையில் கார்களை வரிசையாக நிறுத்துவார்கள், பிறகு ஏரியைச் சுற்றி ஊர்வலம் போவார்கள். மாமாவின் அப்பா அந்த ஹோட்டல் கேட்டுக்குள் துரையை இறக்கிவிட்ட உடனே காரை வெளியே கொண்டுவந்து ரோட்டோரம் நிறுத்த வேண்டும். உள்ளே நிற்க டிரைவர்களுக்கு அனுமதி கிடையாது. மழையோ பனியோ, மணிக்கணக்காக வெளியேதான்.

"நான் ஒரு தடவ உள்ளுக்குப் போயி நிப்பாட்டணும் பாப்பா," என்று மாமா ஒருநாள் சொன்னார். "நிப்பாட்டிட்டு எறங்கி, கதவ சாத்திட்டு, சும்மா நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "நிக்கிறதுக்கா அம்புட்டு தூரம் போகணும்? இங்கன நில்லுங்களேன்," என்றார். அவரை நான் அத்தை என்பேன்.

அந்த நேரத்தில் நான்தான் அவருக்குச் சரியான ஆள் என்று எனக்குத் தோன்றியது. இந்தத் தோட்டத்தில் பழைய கார்களைப் பற்றி என்னளவுக்குப் படித்தவர் யாரும் இல்லை. கண்டியில் பட்டப்படிப்பு முடித்து, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சாயந்திரமானால் போனில் சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தாங்கி மேட்டில் உட்கார்ந்து கார்களைப் பற்றி வாசிப்பேன். புதிய கார்களைப் பற்றி அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் வந்தவை. அமெரிக்காவில் கார் வரைகிறவர்கள் சண்டை விமானத்தின் வாலைப் பார்த்துக் காருக்குச் செட்டை வைத்தார்கள். வருடத்துக்கு வருடம் அது உயர்ந்துகொண்டே போனது. கண்ணாடி வளைந்தது, நிக்கல் பளபளப்பு கூடியது, ஒரு காருக்கு இரண்டு நிறம் என்று ஆனது. ஐரோப்பா முதலில் முகம் சுளித்தது, பிறகு ரகசியமாகப் பார்த்தது, கடைசியில் தானும் செய்தது. சிறிய ரோடு, விலை கூடிய பெட்ரோல், வீங்காத பாக்கெட். ஆனாலும் ஆங்கிலக் காரில் செட்டை முளைத்தது, பிரெஞ்சுக் காரில் முளைத்தது, இத்தாலிக்காரர்கள் கத்தியால் சீவின மாதிரி மெல்லிசாக வைத்தார்கள். ஒரு ஜெர்மன் கம்பெனி தானும் வைத்துவிட்டு, இது அழகுக்கு இல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது காரின் மூலை எங்கே முடிகிறது என்று தெரிவதற்கு என்று சொன்னது. அதை வாசித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சிரித்ததை இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்று எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது: பெரியது அசல், சின்னது நகல். அமெரிக்கச் செட்டை நிஜம், ஐரோப்பியச் செட்டை பயந்தாங்கொள்ளி. எல்லாவற்றையும் அந்த ஒரு கோலால் அளந்தேன்.

மாமாவின் கார் இங்கிலாந்தில் செய்தது. ஆனால் அதைச் செய்த கம்பெனிக்கு முதலாளி அமெரிக்காவில். அதனால் இதன் செட்டை உயரமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஊரே 'ரெக்க வெட்டுனது' என்று சொல்கிறது. அப்படியென்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். இரண்டும் இரண்டும் நாலு.

ஏப்ரல் ஊர்வலத்துக்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பி அனுப்பினேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. காரின் வடிவம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், ஊர்வலத்தன்று காலையில் பரிசோதனை நடக்கும், தேறினால்தான் உள்ளே விடுவார்கள். மாமாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து எடுத்து வந்த காந்தத்தைக் காரின் இடது செட்டையில் வைத்தேன். காந்தம் வழுக்கி விழுந்தது. வைத்தேன், விழுந்தது. உள்ளே தகடு இல்லை, பூச்சுத்தான்.

"பாத்தீங்களா மாமா! வெட்டிட்டு மெழுகியிருக்காங்க!"

மாமா குனிந்து பார்த்தார். "அது கொழுந்து லொறி இடிச்சது பாப்பா. அந்த மேல் வளைவுல. அப்பா இருக்கையில."

"அப்ப ஏன் ரெக்க வெட்டுனதுன்னு பேரு?"

"அது என்னமோ... சின்னதுலருந்து அப்பிடித்தான் சொல்றாங்க."

"மொதல்ல உயரமா இருந்திச்சா?"

"அப்பிடி இருந்த மாதிரி ஞாபகம் இல்லீங்களே." நான் ஆசிரியை ஆன நாளிலிருந்து என்னிடம் பேசும்போது அவருக்கு இடையிடையே 'ங்க' வந்துவிடும். "நான் சின்னப் புள்ளையில கழுவியிருக்கேன். கை இம்புட்டுத்தான் ஏறும்."

வலது பக்கமும் காந்தத்தை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. நன்றாக, இறுக்கமாக, செட்டையின் உச்சி வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். ஒரு பிள்ளை பரிசோதனையில் இப்படி ஒரு முடிவைக் கண்டும் காணாமல் விட்டால் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருப்பேன். அன்று காந்தத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனைத் திறந்து, மாமாவுக்கு அமெரிக்கக் கார்களின் படங்களைக் காட்டினேன். ஒன்று, இரண்டு, இருபது.

"இப்ப இருக்கிற மாதிரி கொண்டுபோனா சேத்துக்க மாட்டாங்க மாமா."

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. அவர் படங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

தலவாக்கலையில் டிங்கர் வேலை செய்கிற ஒரு பாஸ், தகட்டு மேஸ்திரி, இருக்கிறார். சிங்களவர், தமிழும் பேசுவார். கார் போய் நின்றதும் அவர் செட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வலது பக்கம் முழுக்கப் போனார்.

"மிஸ், இது கொம்பனி மடிப்பு மிஸ். யாரும் வெட்டல்ல."

"இடது பக்கம் பாருங்க பாஸ்."

"அது அடி பட்டது. இது அடி படல்ல." மாமாவைப் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ கேட்டார். மாமா என்னைக் கை காட்டினார்.

நான் போனை நீட்டினேன். அளவுகளை ஒரு தாளில் வரைந்தும் கொண்டு போயிருந்தேன், பென்சிலால், சதுரக் கட்டம் போட்டு. பாஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "டிசைன் நல்லாத்தான் இருக்கு," என்றார். அதையும் நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

புதுத் தகடு ஒட்ட வேண்டுமானால் பழைய மடிப்பின் உச்சியை அறுக்க வேண்டும். கிரைண்டர் ஓடத் தொடங்கியபோது மாமா, "நான் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாரேன்," என்று வெளியே போனார். எதிர்க் கடையில் கையில் கிளாசை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் அறுத்து முடியும் வரைக்கும் திரும்பவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நான் தீப்பொறி பறப்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

கார் அழகாகத்தான் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். பச்சையும் வெண்ணெயும் புதிதாக அடித்து, ஒரு சாண் செட்டையோடு அது லயத்து ரோட்டில் ஏறி வந்தபோது, பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அத்தை மட்டும் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் அதைச் சந்தோசம் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் அந்தக் காலை நாங்கள் இருவரும் போனோம். மாமா வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து. நான் முன் சீட்டில் முழங்காலை இடித்துக்கொண்டு ஏறினேன். ஹோட்டல் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக, பரிசோதனைக்குக் கார்கள் வரிசையாக நின்றன.

பரிசோதிக்க வந்தவர் வயதானவர். தொப்பி, கைத்தடி, கையில் ஒரு பலகையும் தாளும். மாமாவிடம் சிங்களத்தில்தான் பேசத் தொடங்கினார். மாமாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. ஆனால் நான் குறுக்கே புகுந்தேன். ஆங்கிலத்தில். அமெரிக்கத் தாய்க் கம்பெனி, வளைந்த கண்ணாடி, செட்டையின் வரலாறு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். மாமாவின் காரைப் பற்றி மாமாவுக்கு விளங்காத மொழியில் பேச்சு நடந்தது. மாமா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெரியவர் காரைச் சுற்றிப் பின்னால் போனார். நின்றார். கைத்தடி நுனியால் செட்டையைத் தொடாமல் காட்டினார்.

இந்த மாடலுக்கு இவ்வளவு உயரம் கிடையாது என்றார். தொழிற்சாலையிலிருந்து வந்ததே தாழ்வாகத்தான் என்றார். அந்த வருடங்களில் இதே கார் ஒன்று அவர்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் அமெரிக்க முதலாளியோடு மல்லுக்கட்டி, இவ்வளவு போதும் என்று குறைத்து வைத்த செட்டை இது, இந்தக் காரின் அழகே அந்த அடக்கம்தான் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டு, ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு கேட்டார்: இதை யார் செய்தது?

மாமா, "என்னா கேக்குறாரு?" என்றார்.

"ரெக்கைய யாரு உசத்துனதுன்னு கேக்குறாரு."

மாமா என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு நேரம். "நாந்தான்னு சொல்லுங்க. அழகா இருக்கும்னு ஆசப்பட்டு நானே செஞ்சேன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நான் அதை மொழிபெயர்த்தேன். இலக்கணப் பிழை இல்லாமல், நல்ல உச்சரிப்போடு: அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டு இவரே செய்தாராம். 'செய்தாராம்' என்பதன் கடைசியில் வருகிற அந்த 'ஆம்' ஆங்கிலத்தில் வருவதில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டேன்.

பெரியவர் மாமாவின் தோளைத் தட்டினார். சரி, இவருக்கு அமெரிக்கக் கார் வேண்டியிருந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். தாளில் ஒரு கோடு போட்டார்.

"என்னா சொல்றாரு?"

"வேல நல்லா இருக்குன்னு சொல்றாரு மாமா. ஆனா இந்த வருசம் எடம் இல்லையாம்."

மாமா தலையாட்டினார். அவருக்கு அந்தக் கோடு தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. தோளைத் தட்டியதும் எதற்கென்று தெரிந்திருக்கும். காரைத் திருப்பும்போது கேட்டுக்கு உள்ளே ஒரு தடவை பார்த்தார். புல்தரையில் ஏற்கெனவே ஏழெட்டுக் கார்கள் நின்றன. பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாமா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். நான் அடுப்படியில் நின்றேன். நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"அத்த, மெய்யாவே அந்த ரெக்கைய யாரு வெட்டுனது?"

அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தினார். "யாரு வெட்டுனா? ஒருத்தரும் வெட்டல."

"அப்ப எல்லாரும் சொல்றாங்களே!"

"அடி ஆத்தே, அது கேலிடீ!" அவருக்குச் சிரிப்பு வந்து, என் முகத்தைப் பார்த்து அடங்கியது. "கோழி அடுத்த லயத்துக்குப் பறந்துரக் கூடாதுன்னு ரெக்கைய வெட்டி விடுறோமுல்ல? தொர சீமைக்குப் போன அன்னிக்கு, காரு மட்டும் இங்கனயே நின்னுச்சு. பெரட்டுக்கு வந்த பொம்பளைங்க பாத்துட்டு, 'தொர பறந்துட்டாரு, காருக்கு ரெக்கைய வெட்டிட்டாரு, அதான் நம்மளோட நிக்குது'ன்னாங்களாம். எங்க மாமியா எங்கிட்ட சொல்லுவாங்க, ஒன் மாமாவுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. அந்தச் சிரிப்புல வந்த பேரு." துருவலைக் கையால் கூட்டி ஒதுக்கினார். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கொடுக்க வரிசையில் நின்ற பெண்கள் சொன்ன ஒரு கேலியை நான் கார் வரலாறாக வாசித்திருக்கிறேன். அதே தோட்டத்தில் பிறந்து, அதே லயத்தில் வளர்ந்து. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்கு வேண்டிய விபரமெல்லாம் தண்ணீர்த் தாங்கி மேட்டில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் மாமா வீட்டு வாசலைக் கடக்கும்போது நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு போனேன். யாரும் பேசாத போன். மாமா எப்போதும் போலத்தான் இருந்தார், "சாப்பிட்டீங்களா" என்பார். அந்த 'ங்க' இப்போது ஒரு தடவைகூடத் தவறவில்லை.

தாங்க முடியாமல் ஒருநாள் அந்தக் கார்க்காரர்களின் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். நீளமாக. தவறு முழுக்க என்னுடையது, கார் சொந்தக்காரர் ஆரம்பத்திலேயே சரியாகச் சொன்னார், நான் நம்பவில்லை, அன்று அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகத் தான் செய்ததாகச் சொன்னார், நான் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு நின்றேன். எழுதி முடித்ததும் உடம்பு லேசானது. பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. அன்பான பதில். பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அடுத்த ஏப்ரலில் சேர்த்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம் என்று இருந்தது. நான் ஓடினேன். உண்மையிலேயே ஓடினேன், தேயிலை மலைக் குறுக்கு ரோட்டில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு. அடுத்த நாள் ஒரு கல்யாணத்துக்காக மாமா காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, சேத்துக்குவாங்களாம்! பழையபடி செஞ்சா போதுமாம். நான் பாத்துட்டேன், இங்கிலாந்துல ஒருத்தர்கிட்ட அந்தத் தகடு இருக்கு, நம்ம பாஸ்கிட்ட குடுத்து..."

"அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் எழுதுனேன்."

"என்னான்னு எழுதுனீங்க?"

வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்தைத் தமிழாக்கி, வரி வரியாக. இந்தத் தடவை ஒன்றையும் மாற்றாமல் மொழிபெயர்க்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. காப்பாற்றுவதற்காகத் தான் செய்ததாகச் சொன்னார் என்ற இடத்துக்கு வந்ததும் மாமா கையிலிருந்த துணியைப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதிட்டீங்களா?"

"ஐயோ, அப்பிடி இல்ல மாமா. உங்க நல்ல மனச..."

"அந்தப் பெரியவரு எனக்குத் தோளத் தட்டுனாரு. ஆசப்பட்டு செஞ்சிட்டான், பாவம்னு தட்டுனாரு. அது எனக்கு ஒண்ணும் இல்ல. ஆசப்பட்டவன்னு நெனச்சிட்டுப் போகட்டும்." குரல் உயரவில்லை. "இப்ப அவரு முன்னுக்கு நான் பொய்க்காரன். தோட்டத்தான் வந்து மொகத்துக்கு நேரா பொய் சொல்லிட்டுப் போனான்னு அவுங்களுக்குள்ள பேசுவாங்களா, மாட்டாங்களா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. எழுதும்போது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்தக் கடிதத்தில் நான் கழுவியது என்னை.

"நான் திருப்பி எழுதுறேன் மாமா. வெளங்கப்படுத்தி..."

"வேணாம்."

"இல்ல மாமா, ஒரே ஒரு..."

"பாப்பா." துணியைப் பானட்டில் போட்டார். "நீ எனக்காக இனி ஒண்ணும் எழுதாத. ரெக்கையும் இருந்துட்டுப் போகட்டும். நான் அங்க போகல."

உள்ளேயிருந்து அத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மாமா மறுபடியும் துணியை எடுத்து, கண்ணாடியின் வளைந்த மூலையைத் துடைக்கத் தொடங்கினார். நான் வழியில் நின்றேன் போலிருக்கிறது. வாளியை இந்தப் பக்கம் வைக்க இடம் வேண்டும் என்று கையால் காட்டினார். நகர்ந்தேன்.

போன ஏப்ரலில் நுவரெலியாவில் கார்கள் ஊர்வலம் போன அன்று மாமா உடப்புசல்லாவைக்கு ஒரு கல்யாண ஓட்டம் பிடித்துக்கொண்டார். அதற்கு நுவரெலியா ஊருக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஹோட்டல் கேட்டைத் தாண்டித்தான் போயிருப்பார். நின்றாரா, பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. குழுவின் பதிலுக்கு நான் பதிலும் அனுப்பவில்லை. அது இன்னும் என் போனில் இருக்கிறது.